நிலம் ஊருக்கு, வீடு குடிக்கு



வீடு ஒருவருடையதாகவும் அவ்வீடு நிற்கும் நிலம் வேறொருவருடையதாகவும் இருத்தல் கூடுமா? கூடும் என்பதை நான் ஏட்டில் படித்து அறிவதற்கு முன்னரே எங்கள் வீட்டில் கண்டு அறிந்தேன். என் பாட்டனார் சென்னையில் பிறர் மனையொன்றை வாடகைக்குப் பெற்று, அதில் தம் கைப்பொருளைக் கொண்டு ஓட்டு வீடு ஒன்று கட்டினார். மாதந்தோறும் மனைக்காரர் வீட்டுக்குச் சென்று மனை வாடகையைக் கொடுத்து, சீட்டுப் பெற்று வருவார். அச்சீட்டுகளையெல்லாம் ஒரு கம்பியில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டிருந்தார். சிறுவனாக இருந்தபோது அக்கம்பியைப் பிடித்து ஆட்டி விளையாடியதற்காக நான் வாங்கிய குட்டு இன்றும் நினைவில் இருக்கிறது.

அந்தக் கண்டிப்பின் காரணம் பின்னரே எனக்கு விளங்கியது. மனைக்காரர் இறந்தபின் அவருடைய மக்கள் மனையை விற்கக் கருதினர். வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியேறுமாறு அறிவிப்பு அனுப்பினர். “சுவர் நம்முடையது, சுவர் நிற்கும் மண் நம்முடையதன்று” என்று பாட்டனார் அன்று சொன்னதை என் தாயார் பலமுறை கூறக் கேட்டிருக்கிறேன்.

மண் ஒருவருடையது, சுவர் ஒருவருடையது என்னும் இந்தச் சிக்கல் பழமையானது. இதனைத் தீர்ப்பதற்கு இங்கிலாந்து நாட்டில் சிலர் ஓர் ஊரையே கட்டிப் பார்த்தார்கள். அவ்வூரின் பெயர் லெட்ச்வொர்த். அங்கே நிலம் ஊருக்கு, வீடு குடிக்கு என்று வகுத்தார்கள். அந்த ஏற்பாடு எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, ஒரு நாள் எவ்வாறு பறிபோக இருந்தது என்பதையே இன்றைய பேச்சில் உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் அடிப்படைக் கருத்து ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டுச் சந்தைத் திடல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சந்தை கூடாத நாளில் அது வெறும் மண்; அதில் ஒரு முழ இடத்துக்கு யாரும் காலணாவும் கொடுக்கமாட்டார். சந்தை கூடும் நாளிலோ மரத்து நிழலில் ஒரு பாய் விரிக்கவும் பணம் கேட்பார்கள். மண் அதே மண்தான். அதன் விலையை உயர்த்தியவர்கள் அங்கே வந்து கூடிய மக்கள். ஆயினும் உயர்ந்த விலை யாருடைய பையில் விழுகிறது? திடலுக்கு உரியவர் பையில். நகரங்களின் கதையும் இதுவே. மக்கள் கூடி உழைப்பதால் நிலத்தின் விலை ஏறுகிறது. விலை ஏறியதால் உழைத்த மக்களே அங்கே குடியிருக்க இடமின்றித் தவிக்கிறார்கள்.

இம்முரண்பாட்டை எடுத்துக் காட்டியவர்கள் பலர். 1775-ஆம் ஆண்டில் நியூகாசில் நகரத்து ஆசிரியர் தாமஸ் ஸ்பென்ஸ் என்பார், ஒவ்வோர் ஊரின் நிலமும் அவ்வூர் மக்களுக்குப் பொதுவாக வேண்டும். அதில் இருப்போர் ஊருக்கு வாடகை செலுத்த வேண்டும். அவ்வாடகையால் ஊரின் செலவுகள் நடைபெற வேண்டும் என்று ஓர் அறிஞர் கழகத்தில் உரையாற்றினார். அவ்வுரையை அச்சிட்டு விற்றதற்காக அக்கழகம் அவரை நீக்கிவிட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பின், 1879-இல், அமெரிக்கராகிய ஹென்றி ஜார்ஜ் தம் நூலொன்றில் நிலத்தின் வாடகை முழுவதையும் வரியாகப் பொதுமக்களுக்கே சேர்க்க வேண்டும் என்று வாதிட்டார். இவர்களுடைய கருத்துகளைப் படித்துத் தம் உள்ளத்தில் பதித்துக்கொண்ட ஒருவரே நம் வரலாற்றின் நாயகர் எபினேசர் ஹவார்டு.

ஹவார்டு செல்வரல்லர், அரசியல் தலைவருமல்லர். 1850-இல் இலண்டனில் பிறந்தார். இருபத்தொன்றாம் வயதில் அமெரிக்கா சென்று நெப்ராஸ்காவில் உழவு செய்தார். அதில் வெற்றி பெறவில்லை. பின்னர் சிகாகோ நகரில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தார். பெருந்தீயில் அழிந்த அந்நகரம் மீண்டும் எழுவதை நேரில் கண்டார். 1876-இல் தாயகம் திரும்பி, பாராளுமன்ற நிகழ்ச்சிகளைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் தொழிலை மேற்கொண்டார். பிறர் பேசியவற்றை எழுதுவதே அவர் தொழில். ஆனால் அவருக்கும் சொல்ல ஒன்று இருந்தது. 1898-இல் அதனை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1902-இல் அந்நூல் ‘நாளைய தோட்ட நகரங்கள்’ என்று பொருள்படும் புதுப் பெயருடன் மீண்டும் வெளிவந்தது.

நூலின் கருத்தைக் கணக்காகவே சொல்லிவிடலாம். நகரத்துக்கு அப்பால் உழவு நிலம் 6,000 ஏக்கர் வாங்குவது. ஏக்கர் 40 பவுன் வீதம் அதன் விலை 2,40,000 பவுன். அத்தொகையை நூற்றுக்கு 4 வட்டிக்குக் கடன் வாங்கினால் ஆண்டு வட்டி 9,600 பவுன். 1,000 ஏக்கரில் நகரம். எஞ்சிய 5,000 ஏக்கரில் வயலும் தோப்பும். மொத்தம் 32,000 மக்கள். அப்படியானால் வட்டிச் சுமை தலைக்கு ஆண்டொன்றுக்கு 6 ஷில்லிங் மட்டுமே. நிலத்தை எவருக்கும் விற்பதில்லை; குத்தகைக்கே விடுவது. குடிகள் செலுத்தும் வாடகையில் முதலில் வட்டியும் கடனும் தீரும். மிகுந்த பணத்தில் சாலையும் பள்ளியும் பூங்காவும் அமையும். கடன் முழுவதும் தீர்ந்தபின் வாடகை அனைத்தும் ஊருக்கே சேரும். முதியோருக்கு உதவித்தொகையும் அதிலிருந்தே கொடுக்கலாம். நிலத்தின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் உயர்வு வெளியே போகாது. சந்தைத் திடல் சந்தைக்கு வந்தவர்களுடையதே ஆகிவிடும்.

கனவு என்று பலர் நகைத்தனர். ஆயினும் 1899-இல் ஒரு சங்கம் அமைந்தது. ரால்ப் நெவில் என்னும் வழக்கறிஞரும், காட்பரி, லீவர் முதலான தொழிலதிபர்களும் துணை நின்றனர். 1903-இல் ‘முதல் தோட்ட நகரக் கம்பெனி’ பதிவாயிற்று. இலண்டனுக்கு வடக்கே ஏறக்குறைய 35 மைல் தொலைவில், ஹார்ட்போர்டுஷயர் மாவட்டத்தில், 15 உரிமையாளர்களிடமிருந்து 3,818 ஏக்கர் நிலத்தைச் செய்தி வெளிப்படாதவாறு வாங்கினர். செய்தி வெளிப்பட்டிருந்தால் விலை ஏறியிருக்கும் அல்லவா? வாங்கிய விலை ஏக்கருக்குச் சராசரி 40 பவுனுக்குச் சற்று மேல். அவ்வாண்டு அக்டோபர் 9-ஆம் நாள், கொட்டும் மழையில், சேற்று நிலத்தில் போட்ட கூடாரத்தின் கீழ் தொடக்க விழா நடந்தது.

பாரி பார்க்கர், ரேமண்ட் அன்வின் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் ஊரின் அமைப்பை வரைந்தனர். 1905-இல் 150 பவுனுக்குள் கட்டக்கூடிய வீடுகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. அதனைக் காண 60,000 பேர் வந்தனர் என்பர். வாடகைக்கு இருப்போரே பங்குதாரர்களாகச் சேர்ந்து வீடு கட்டும் கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. தொழிற்சாலைகள் வந்தன. நம் கல்லூரி நூலகங்களில் நீங்கள் காணும் ‘எவ்ரிமேன்’ நூல் வரிசையின் பழைய பதிப்புகளுள் பல, அங்கே அமைந்த டெண்ட் நிறுவனத்தின் அச்சகத்தில் அச்சானவையே.

இனி, குத்தகை எவ்வாறு அமைந்தது என்பதைக் கவனியுங்கள். கதையின் முடிச்சு அங்கேதான் விழுகிறது. நிலத்தின் மதிப்பு உயர உயர, குறித்த காலத்துக்கு ஒருமுறை வாடகையும் மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டும் என்பது ஹவார்டின் கருத்து. அப்போதுதானே உயர்வு ஊருக்குச் சேரும்? ஆனால் வீடு கட்ட வந்தவர்களும் ஆலை நிறுவ வந்தவர்களும் அஞ்சினார்கள். “இன்று ஒரு வாடகை, பத்து ஆண்டு கழித்து என்ன வாடகையோ? அதனை நம்பி எவ்வாறு முதல் போடுவது?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. ஆகவே கம்பெனி இறங்கி வந்தது. 99 ஆண்டுக் குத்தகை, மாறாத வாடகை என்பதே பெருவழக்காயிற்று.

இதன் விளைவு இரண்டு. குத்தகைக் காலம் முழுவதும் நில மதிப்பின் உயர்வில் ஊருக்குக் கிடைத்தது சிறு பங்கே. 99 ஆண்டு முடிந்த அன்றோ, நிலமும் அதன்மேல் நின்ற வீடும் சேர்ந்து கம்பெனிக்கே மீளும். ஒருபுறம் பொறுமையாகக் காத்திருக்கும் பெருஞ்செல்வம். மறுபுறம் அச்செல்வம் எட்டும் நாளில் வீட்டை இழக்கும் குடி.

கம்பெனியின் பங்குதாரர்களுக்கும் ஒரு வரம்பு இருந்தது. அவர்கள் பெறும் இலாபப் பங்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 5-க்கு மேல் போகக்கூடாது, மிகுந்தது ஊருக்கு. தொடக்கத்தில் இவ்வரம்பைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் தேவை எழவில்லை. ஏனெனில் முதல் பத்து ஆண்டு இலாபமே இல்லை. 1923-இல்தான் முழு 5 விழுக்காடும் கொடுக்க முடிந்தது. அதுவரை பொறுத்திருந்தவர்களுள் பலர் பொருளைவிடக் கொள்கையையே பெரிதென மதித்தவர்கள். ஹவார்டும் இதனால் செல்வராகிவிடவில்லை. 1920-இல் வெல்வின் என்னும் இரண்டாவது தோட்ட நகரையும் தொடங்கினார். 1927-இல் வீரத்திருத்தகைப் பட்டம் பெற்றார். 1928-இல் அவ்வெல்வினிலேயே காலமானார்.

நண்பர்களே, கொள்கையுடையோர் மறைவர். பங்குப் பத்திரங்கள் மறைவதில்லை. அவை கை மாறும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கம்பெனியின் விதிகள் திருத்தப்பட்டன; இலாபத்துக்கு இருந்த வரம்பு தளர்ந்தது. அப்போது இலண்டனில் கணக்குத் தெரிந்த சிலர் ஓர் உண்மையைக் கண்டனர். லெட்ச்வொர்த் கம்பெனியின் பங்குகள் மலிவு. அதன் கையில் உள்ள நிலமோ விலை மிக்கது. பங்குகளை வாங்கினால் நிலம் தானே வரும். 1960-இல் ‘ஹோட்டல் யார்க்’ என்னும் நிறுவனம் பங்குகளை வாங்கிக் குவித்துக் கம்பெனியின் ஆட்சியைக் கைப்பற்றியது. சட்டத்தில் அதற்குத் தடை ஏதும் இல்லை. ஊர் மக்கள் ஒரு நாள் விழித்தெழுந்து பார்த்தபோது, தங்கள் ஊரின் நிலம் தாங்கள் அறியாத ஒருவர் கையில் இருந்தது.

என் பாட்டனாருக்கு வந்த அறிவிப்பை நான் இவ்விடத்தில் நினைத்துக்கொள்வது வழக்கம். அவர் ஒரு குடும்பத் தலைவர். இங்கே ஓர் ஊர் முழுவதும் அந்நிலையில் நின்றது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ‘நிலம் ஊருடையது’ என்று நம்பி வாழ்ந்தவர்கள், அது ஊருடையது என்று எழுதப்படவே இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். எழுதப்பட்டிருந்தது ஒரு கம்பெனியின் பெயர். ஊருக்காக என்பது அக்கம்பெனியின் விதி. விதியையோ பங்குதாரர்கள் கூடினால் மாற்றலாம்.

ஊரார் சோர்ந்துவிடவில்லை. லெட்ச்வொர்த்தின் நகர மன்றம் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டியது. ஓர் ஊரின் பொருட்டுத் தனிச் சட்டம் வேண்டும் என்று மசோதா ஒன்றைக் கொண்டுவந்தது. 1962-இல் அது சட்டமாயிற்று. அதன்படி 1963 சனவரி முதல் நாள் கம்பெனியின் நிலமும் சொத்தும் ஒரு பொதுக் கழகத்தின் பொறுப்புக்கு மாறின. பங்குதாரர்களுக்கு ஈட்டுத்தொகை உண்டு. எதிர்கால வருவாயில் மிகுவதோ ஊரின் நன்மைக்கே என்று சட்டமே கூறியது. முன்னர் கம்பெனியின் விதியாக இருந்தது இப்போது நாட்டின் சட்டமாயிற்று. பங்குச் சந்தையில் அதனை யாரும் விலைக்கு வாங்க முடியாது.

ஊருக்கு நியாயம் கிடைத்தது. குடிக்கு? 99 ஆண்டு முடியும் நாளை எண்ணி அஞ்சிய வீட்டுக்காரர்கள் லெட்ச்வொர்த்தில் மட்டுமல்லர், இங்கிலாந்து முழுவதும் இருந்தனர். அவர்களுக்காக 1967-இல் குத்தகைச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. நீண்ட காலக் குத்தகையில், குறைந்த வாடகையில் இருப்போர், தாம் குடியிருக்கும் வீட்டின் நிலத்தை விலை கொடுத்து வாங்கவோ, குத்தகையை மேலும் 50 ஆண்டு நீட்டிக்கவோ அச்சட்டம் வழி செய்தது. லெட்ச்வொர்த்தில் பலர் தம் வீட்டு நிலத்தை வாங்கிக்கொண்டனர். அதனால் ஊரின் அழகும் ஒழுங்கும் குலையாதிருக்க, நிலத்தை வாங்கிய வீடுகளுக்கும் பொருந்தும் நிர்வாகத் திட்டம் ஒன்று நீதிமன்றத்தின் ஒப்புதலுடன் அமைந்தது. வீட்டின் முகப்பை மாற்ற விரும்புவோர் ஊரின் இசைவைப் பெற வேண்டும்.

வீட்டு நிலங்கள் இவ்வாறு கைவிட்டுப் போயினும், கடைகள், தொழிற்சாலைகள், வயல்கள் ஆகியவற்றில் பெரும்பகுதி பொதுவாகவே நின்றது. 1995-இல் மற்றொரு சட்டத்தினால் அவை ஓர் அறநிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் வாடகை வருவாய், திரையரங்கு, சிகிச்சை நிலையம், ஊரைச் சுற்றிய நடைபாதை முதலான பொதுப் பணிகளுக்குச் செலவாகிறது. ஹவார்டு கனவு கண்ட அளவில் அன்று. எனினும் அவர் கனவின் ஒரு பகுதி இன்றும் ஆண்டுதோறும் வருவாய் தந்துகொண்டிருக்கிறது.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்றுண்டு. நிலத்தைப் பொதுவாக்குவோர் பெரும்பாலும் நல்லோர். நல்லோர் என்பதனாலேயே தமக்குப் பின் வருவோரும் நல்லோராக இருப்பர் என்று நம்பிவிடுகிறார்கள். லெட்ச்வொர்த்தைத் தொடங்கியவர்கள் சாலையின் அகலத்தையும் மரங்களின் இடைவெளியையும் நுணுக்கமாக எண்ணினர். விதியை யார் மாற்றலாம் என்பதை அவ்வளவு நுணுக்கமாக எண்ணவில்லை. வாடகையை மாற்றும் முறையில் குடியின் அச்சத்துக்கு இடம் கொடுத்தனர். குத்தகை முடியும் நாளில் குடியின் கதி யாது என்பதைப் பின்னால் வருவோருக்கு விட்டுவிட்டனர். இவ்விரு குறைகளையும் தீர்க்க இரண்டு தலைமுறையும் பாராளுமன்றமும் தேவைப்பட்டன. பொதுநிலம் நல்லெண்ணத்தால் பிறக்கிறது, எழுத்தால்தான் நிலைக்கிறது.

என் பாட்டனாரின் வீடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பிறர் மனையில் வீடு கட்டிக்கொண்டவர்களைக் காக்கச் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் என ஒன்று உண்டு. அது 1921-ஆம் ஆண்டுச் சட்டம். வெளியேற்றப்படுவோர் தம் கட்டடத்துக்கு ஈடு கேட்கலாம். அல்லது நீதிமன்றம் குறிக்கும் விலைக்கு அந்த மனையைத் தமக்கே விற்குமாறு வேண்டலாம் என்று அது வகை செய்தது. பாட்டனார் வேண்டினார். கம்பியில் கோத்திருந்த அத்தனை சீட்டுகளையும் கழற்றாமல் அப்படியே நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்றார். பாட்டியாரின் நகைகள் மனையின் விலையாயின. வீடு நின்றது.

அவர் சீட்டுகளைச் சேர்த்து வைக்காதிருந்தால், நானும் வேறெங்கோ வளர்ந்திருப்பேன். ஆகவே மாணவர்களே, நாளை நீங்கள் வீடு கட்டும்போதும், பலருடன் கூடிப் பொதுவாக ஒரு மனை வாங்கும்போதும், பத்திரத்தில் மூன்று செய்திகளைத் தேடிப் படியுங்கள். வாடகை எப்போது, எவரால் மாறும்? காலக்கெடு முடிந்தால் வீடு யாருக்கு? இவ்விதிகளைத் திருத்தும் உரிமை யார் கையில்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தபின் அடித்தளம் தோண்டுங்கள்.